முதல் மூன்று அடி ஒன்றுதான்: பால்ரூம் நடனத்தில் வேரியேஷன் என்றால் என்ன?

ஜோடியாகக் கைகோத்து ஆடும் பால்ரூம் நடனம் கற்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனவர்களுக்கு ஒரு பயம் வரும். நேச்சுரல் டர்ன், ரிவர்ஸ் டர்ன், விஸ்க், ஷாசே என்று பத்துப் பெயர் ஒருவழியாகக் காலுக்குப் பழகியிருக்கும், அதற்குள் இன்னும் ஐம்பது பெயர் கொண்ட பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிடும். போட்டி வீடியோக்களைப் பார்த்தால் அந்த ஐம்பதிலும் இல்லாத ஏதேதோ ஆடுகிறார்கள். இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது என்று மலைத்துப்போய் வகுப்பையே விட்டவர்கள் உண்டு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ஐம்பதும் ஐம்பது தனித்தனி விஷயங்கள் அல்ல. பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஃபிகரில் ஏதோ ஓர் அம்சத்தை மட்டும் மாற்றியவை, அந்த அம்சம் எது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

சரி, ஃபிகர் என்றால் என்ன? பெயர் வைத்த ஒரு சிறிய அடிக்கோவை, அவ்வளவுதான். எந்தக் காலால் தொடங்குவது, எந்தப் பக்கம் பார்த்து நின்று தொடங்குவது, எவ்வளவு திரும்புவது, எந்த பீட்டில் எந்த அடி, குதிகால் முதலில் ஊன்றுவதா விரல் பக்கமா, உடம்பு எப்போது எழும்ப வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஜோடியை நடத்துகிற லீடருக்கு ஒரு குறிப்பு, கூட வருகிற ஃபாலோயருக்கு இன்னொரு குறிப்பு என்று இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இப்படி எழுதி வைத்ததால்தான் லண்டனில் கற்ற ஒருவரும் டோக்கியோவில் கற்ற ஒருவரும் முன்பின் அறிமுகம் இல்லாமல் கைகோத்து வால்ட்ஸ் என்ற நடனம் ஒன்றை முழுக்க ஆடிவிட முடிகிறது.

இந்த எழுதி வைக்கும் வேலை இங்கிலாந்தில் நடந்தது, அதுவும் ஒரு குழப்பத்துக்கு மருந்தாக. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ராக்டைம், ஜாஸ் இசையெல்லாம் லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தது, நடன அரங்குகளில் ஆளுக்கொரு ஆட்டம். நடனப் பத்திரிகை ஆசிரியராக இருந்த ஃபிலிப் ரிச்சர்ட்சன் 1920 மே மாதம் லண்டன் கிராஃப்டன் கேலரீஸில் நடன ஆசிரியர்களை ஒன்றுகூட்டினார். அங்கே எடுத்த முடிவு என்ன தெரியுமா? விநோதமான அடிகளை ஒழித்துக்கட்டப் பாடுபட வேண்டும், குறிப்பாக உடம்பைச் சரித்துத் தாழ்த்துகிற டிப்களையும் காலைத் தரையிலிருந்து உயரத் தூக்குகிற அடிகளையும், அதோடு பின்னால் வருகிறவர்களின் வழியை மறிக்கிற பக்கவாட்டு அடிகளையும் நிறுத்தங்களையும். இதில் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அழகு, ஒழுக்கம் என்பதையெல்லாம் தாண்டி, ஒரே தரையில் நாற்பது ஜோடி ஆடும்போது யாரும் யாரையும் இடிக்கக் கூடாது என்ற நடைமுறைக் கவலை அது. வேரியேஷன் பற்றிய எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி இந்தக் கவலைக்குத்தான் வந்து சேரும்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1922இல், விக்டர் சில்வெஸ்டரும் ஃபிலிஸ் கிளார்க்கும் உலக சாம்பியன் ஆனார்கள். அவர்கள் ஆடிய வால்ட்ஸில் வலச் சுற்று, இடச் சுற்று, திசை மாற்றம் ஆகியவற்றைத் தாண்டி அதிகம் இல்லை என்று நடன வரலாறுகள் சொல்கின்றன. அப்புறம் 1924இல் இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் என்ற அமைப்பு பால்ரூமுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, ஜோசஃபின் பிராட்லி, சில்வெஸ்டர் போன்றவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு நடனத்துக்கும் அடிப்படை ஃபிகர்கள் இவைதான் என்று வரையறுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகச் சொல்லித்தரும் சிலபஸ்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிலபஸில் இருப்பது பாரம்பரிய ஃபிகர், அதிலிருந்து விலகிப் போவது வேரியேஷன் என்பது பொதுவான பேச்சுவழக்கு. ஆனால் இந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் யாரோ ஒரு போட்டியாளர் புதிதாக ஆடிக்காட்டியது பத்து இருபது வருடத்தில் சிலபஸுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் நான் இந்தக் கட்டுரையில் வேரியேஷன் என்பதைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன்: அடிப்படை ஒன்றை எடுத்து, அதில் ஒன்றை மாற்றிக் கிடைக்கிற எதுவும்.

இனி நேராக வால்ட்ஸுக்குள் போய்விடலாம். மெதுவான வால்ட்ஸ்தான் நான் சொல்வது. மூன்று பீட் சேர்ந்தால் ஒரு பார், நிமிடத்துக்கு 28 முதல் 30 பார். அதாவது ஒரு பாருக்கு இரண்டு விநாடி சொச்சம். அரங்கில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றி வருவார்கள், அந்தப் போக்குக்கு லைன் ஆஃப் டான்ஸ் என்று பெயர். போகிற திசையைப் பார்த்து நின்றால் சுவர் வலது கைப் பக்கம், அரங்கின் நடுப்பகுதி இடது கைப் பக்கம்.

நேச்சுரல் டர்ன் என்பது வலப்பக்கமாகத் திரும்பும் ஆறடி ஃபிகர். லீடரின் அடிகளைச் சொல்கிறேன். போகும் திசைக்கும் சுவருக்கும் நடுவில் சாய்வாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்று, வலது கால் முன்னால், குதிகால் ஊன்றி. இரண்டு, கால் வட்டம் திரும்பி இடது கால் பக்கவாட்டில், விரல் பக்கம் ஊன்றி, உடம்பு மேலெழும்பிக்கொண்டே. மூன்று, வட்டத்தில் இன்னும் எட்டில் ஒரு பங்கு திரும்பி வலது கால் இடது காலோடு சேர்கிறது. உயரமாக நின்று, அந்த பீட்டின் கடைசியில் மெல்ல இறங்குகிறார். இப்போது அவர் முதுகுதான் லைன் ஆஃப் டான்ஸைப் பார்த்தபடி இருக்கிறது. நான்கு, இடது கால் பின்னால். ஐந்து, திரும்பி வலது கால் பக்கவாட்டில். ஆறு, இடது கால் வந்து சேர்கிறது. ஆறடியும் முடியும்போது மொத்தம் முக்கால் வட்டம் திரும்பி, அரங்கின் நடுப்பக்கம் சாய்வாகப் பார்த்து நிற்பார்.

இதில் முதல் மூன்று அடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகு போகும் திசையில், எடை வலது காலில், இடது கால் சும்மா. இந்த நிலையிலிருந்து நான்காவது அடியை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் குறைந்தது ஐந்து வெவ்வேறு ஃபிகர் பிறக்கிறது. கச்சேரியில் பல்லவி பாடும்போது வரியின் எடுப்பு அப்படியே இருக்க, ஒவ்வொரு சங்கதியிலும் ஓரிடத்தில் மட்டும் புதிதாக ஒன்று வரும், முந்தைய சங்கதி காதில் இருப்பதால்தான் புதியதின் அழகு தெரியும், இல்லையா? கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்கே நடக்கிறது.

ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோரும் முதலில் கற்க வேண்டும் என்று நான் நினைப்பது, ஹெசிடேஷன் சேஞ்ச். பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். நான்காவது அடியில் இடது கால் பின்னால், ஐந்தாவதில் வலது கால் பக்கவாட்டில் சிறிய அடி, ஆறாவதில் இடது காலை மெதுவாக இழுத்து வலது காலருகே கொண்டுவருகிறார், ஆனால் அதில் எடையை வைப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எடை வைக்காமல் விட்ட அந்த ஒரு விஷயம் என்ன செய்கிறது பாருங்கள். சாதாரண நேச்சுரல் டர்னின் முடிவில் எடை இடது காலில் இருக்கும், அடுத்து வலது காலால்தான் தொடங்க முடியும். இடப்பக்கம் திரும்புகிற ரிவர்ஸ் டர்னோ இடது காலால் தொடங்குவது. அதனால் நடுவில் குளோஸ்டு சேஞ்ச் என்று மூன்று அடியைச் செருகிக் காலை மாற்றியாக வேண்டும், அதற்கு ஒரு பார் செலவு, முன்னால் கொஞ்சம் இடமும் வேண்டும். ஹெசிடேஷன் சேஞ்சிலோ இடது கால் சும்மா இருக்கிறது, நேரே ரிவர்ஸ் டர்னுக்குள் போய்விடலாம். முன்னால் ஒரு ஜோடி திடீரென்று நின்றுவிட்டால், நாமும் ஒரு விநாடி தேங்கி, திசையை மாற்றிக்கொண்டு போக இதைவிட நல்ல வழி கிடையாது. எடை எந்தக் காலில், எந்தக் கால் சும்மா என்ற கேள்வியை ஒவ்வொரு ஃபிகரின் முடிவிலும் கேட்டுப் பழகுங்கள், வேரியேஷன்களில் பாதி புரிந்துவிடும்.

அடுத்தது ஸ்பின் டர்ன். நான்காவது அடியில் லீடர் இடது காலைச் சிறிதாகப் பின்னால் வைத்து, அதிலேயே வலப்பக்கம் சுழல்கிறார், ஃபாலோயரின் வலது கால் அவருடைய இரு பாதங்களுக்கு நடுவே வருகிறது. ஐந்தாவதில் வலது கால் முன்னால், உடம்பு உயர்ந்து, ஆறாவதில் இடது கால் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி. இந்தக் கடைசி மூன்று அடியில் மட்டும் எட்டில் ஏழு பங்கு வட்டம் திரும்புகிறோம், நேரான பாதையில் ஆடினால். மூலை வந்துவிட்டால்? அப்போது எட்டில் ஐந்து பங்கு போதும். காரணம் எளிது. மூலையில் பாதையே இடப்பக்கம் கால் வட்டம் திரும்புகிறது, நாம் திரும்புவதோ வலப்பக்கம், ஆகவே நம் திருப்பத்தில் அதே கால் வட்டத்தைக் குறைத்துவிட்டால் புதிய பாதைக்குச் சரியான கோணத்தில் நிற்போம். ஒரே அடிகள், ஒரே தாளம், திருப்பத்தின் அளவு மட்டும் வேறு. அதிகம் திருப்புவதும் குறைத்துத் திருப்புவதும் வேரியேஷன்களிலேயே எளிய வகை, ஆனால் அரங்கில் தினமும் கைகொடுப்பது இதுதான். மூலையில் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கால் வட்டத்தைக் குறைக்க மறந்தவர்கள்.

நேச்சுரலின் அதே முதல் மூன்று அடிக்குப் பின் வரும் இம்பீட்டஸ் என்ற ஃபிகரில் இரண்டு வகை இருக்கிறது, குளோஸ்டு, ஓப்பன். இரண்டிலும் முதல் இரண்டு அடி அச்சு அசல் ஒன்றே: லீடர் இடது காலைப் பின்னால் வைத்து, வலது காலை அதனோடு இழுத்துச் சேர்த்து, குதிகாலில் திரும்புகிறார். மூன்றாவது அடியில் குளோஸ்டு வகையில் இடது கால் பக்கவாட்டில் பின்பக்கமாகப் போகும், இருவரும் நேருக்கு நேர் இருப்பார்கள், அடுத்து லீடர் பின்னால் போக வேண்டும். ஓப்பன் வகையில் அதே இடது கால் சாய்வாக முன்னால் போகும், இருவரின் உடம்பும் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்து, இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். இதைப் ப்ரொமனேடு பொசிஷன் என்பார்கள். அடுத்து இருவரும் சேர்ந்து முன்னால் நடக்கலாம், ஷாசே ஆடலாம், வீவ் என்ற ஃபிகரை ஆடலாம். கடைசி அடியின் திசையும் உடம்புகளின் உறவும் மாறியதில் அடுத்து வரக்கூடியவற்றின் பட்டியலே மாறிப்போகிறது. ஃபாக்ஸ்டிராட் என்ற இன்னொரு பால்ரூம் நடனத்தில் டெலிமார்க் என்ற ஃபிகரும் இப்படித்தான் குளோஸ்டு, ஓப்பன் என்று இரண்டாகப் பிரிகிறது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது பாதி வந்த மாதிரி.

இங்கே ஃபாலோயரின் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பல விளக்கங்களில் அவரை மறந்தே விடுகிறார்கள். நேச்சுரல் டர்னின் மூன்றாவது அடி முடிந்து இறங்கும் நேரத்தில் ஃபாலோயருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஸ்பின் டர்ன், இம்பீட்டஸ், ஹெசிடேஷன் எல்லாவற்றிலும் அவருடைய நான்காவது அடி வலது கால் முன்னால் என்பதுதான். அந்த அடியை அவர் வைத்துக்கொண்டிருக்கும்போது லீடரின் உடம்பு அங்கேயே சுழலத் தொடங்குகிறதா, குதிகாலில் நின்று திரும்பி அவரைச் சுற்றி வரவிடுகிறதா, வேகம் தணிந்து தேங்குகிறதா என்பதிலிருந்து அவருக்குச் சேதி போகிறது. கையால் தள்ளியோ இழுத்தோ இந்தச் சேதியைச் சொல்ல முடியாது, சொன்னாலும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆகவே நல்ல வேரியேஷனுக்கு ஒரு சோதனை உண்டு: முன்கூட்டி ஒத்திகை பார்க்காத, அடிப்படை நன்றாகத் தெரிந்த ஒருவரை இதற்குள் கூட்டிக்கொண்டு போக முடிகிறதா? முடிந்தால் அது அரங்குக்கு ஏற்றது. முடியாவிட்டால் அது அந்த ஜோடிக்கு மட்டுமான கோரியோகிராஃபி. அதில் தவறில்லை, ஆனால் யார் என்றே தெரியாத ஒருவரோடு ஆடும்போது அதை எடுத்துவிடக் கூடாது.

தாளத்தை மாற்றுவது இன்னொரு வழி. வால்ட்ஸில் மூன்று பீட்டுக்கு மூன்று அடி என்பது இயல்பு. ஷாசேயில் இரண்டாவது பீட்டை இரண்டாகப் பிளந்து நான்கு அடி வைக்கிறோம், ஒன்று, இரண்டு-அண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். டபுள் ரிவர்ஸ் ஸ்பின் என்ற ஃபிகர் இன்னும் அழகானது. லீடருக்கு மூன்றே அடி, அதில் மூன்றாவது எடை வைக்காமல் கால் சேர்ப்பது மட்டும். அதே ஒரு பாரில் ஃபாலோயர் நான்கு அடி வைத்து, ஒரு குதிகால் திருப்பமும் செய்து அவரைச் சுற்றி வந்து, இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைக்கிறார். ஒரே இசையில் இருவரும் வெவ்வேறு எண்ணிக்கையில் அடி வைத்து, கடைசியில் ஒரே நொடியில் வந்து சேர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு நன்றாக இருக்கும். லத்தீன் நடனங்களில் சா-சா-சாவுக்கு குவாபாச்சா என்று ஒரு தாள மாற்றம் உண்டு: இரண்டாவது பீட்டில் வைக்க வேண்டிய அடியை வைக்காமல் அரை பீட் காத்திருந்து வைப்பது. அடிகள் எதுவும் மாறவில்லை, அந்த அரை பீட் தாமதத்தில் ஆட்டத்தின் குணமே வேறாகிவிடுகிறது. புதியவர்கள் தாள மாற்றத்தில் செய்யும் வழக்கமான பிழை, பிளந்த பீட்டுக்குப் பின் அவசரப்பட்டு அடுத்த பாரைச் சீக்கிரமே தொடங்கிவிடுவது. மூன்றாவது பீட் முழுசாக முடியட்டும் என்று பொறுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முடிவு ஒன்றாக இருக்க, நுழையும் வழியை மாற்றுவதும் உண்டு. விஸ்க் என்ற ஃபிகரில் லீடரின் இடது கால் முன்னால் போகும், வலது கால் பக்கவாட்டில், பிறகு இடது கால் வலது காலுக்குப் பின்னால் குறுக்கே போய் நிற்கும், ஜோடி ப்ரொமனேடு பொசிஷனில் திறந்திருக்கும். அதே முடிவுக்கு, முதல் அடியைப் பின்னால் வைத்துப் போனால் அது பேக் விஸ்க். காலையும் பக்கத்தையும் மாற்றி, வலது கால் இடது காலுக்குப் பின்னால் போனால் லெஃப்ட் விஸ்க். அங்கிருந்து லீடர் பின்னிய கால்களை அவிழ்த்துக்கொண்டே வலப்பக்கம் திரும்ப, ஃபாலோயர் அவரைச் சுற்றி ஓடிவரும் ட்விஸ்ட் டர்னுக்குப் போகலாம். ரும்பா என்ற லத்தீன் நடனத்தில் ஹிப் ட்விஸ்ட் குடும்பமும் இதே மாதிரிதான். நெருக்கமான பிடியில் தொடங்கினால் குளோஸ்டு ஹிப் ட்விஸ்ட், எட்ட நின்று கைப்பிடியில் தொடங்கினால் ஓப்பன் ஹிப் ட்விஸ்ட், இரண்டும் ஃபேன் என்ற ஒரே நிலையில்தான் முடியும்.

ஃபாக்ஸ்டிராட்டின் ஃபெதர் ஸ்டெப்பை வலப்பக்கம் வளைத்து ஆடினால் கர்வ்டு ஃபெதர். நேர்கோட்டை வளைத்ததில், அடுத்த அடியில் லீடர் பின்னால் போகும் நிலை வந்துவிடும்.

அடுத்தது, பார்க்கிறவர்கள் வேரியேஷன் என்றதும் முதலில் நினைக்கிற வகை: ஓவர்ஸ்வே, த்ரோஅவே ஓவர்ஸ்வே, சேம் ஃபுட் லஞ்ச், கான்ட்ரா செக் போன்றவை. ஜோடி ஓரிடத்தில் நின்று, முழங்காலை மடக்கி, உடம்பை நீட்டி ஓர் உருவத்தைக் காட்டுவது. 1920இல் லண்டன் ஆசிரியர்கள் ஒழிக்க நினைத்த டிப்களும் நிறுத்தங்களும்தான் போட்டி ஆட்டத்தில் இத்தனை அழகாக வளர்ந்து வந்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அன்று அவர்கள் சொன்ன காரணம் இன்றும் அப்படியே செல்லும். இங்கிலாந்தில் பெரிய நடனப் போட்டி நடக்கும் பிளாக்பூல் எம்பிரஸ் பால்ரூமில் இறுதிச் சுற்றில் ஆறேழு ஜோடி மட்டும் ஆடும்போது த்ரோஅவே ஓவர்ஸ்வே எடுத்து ஃபாலோயரின் இடது கால் பின்னால் நீளமாகப் போவது கண்கொள்ளாக் காட்சி. சனிக்கிழமை மாலை நெரிசலான அரங்கில் அதே கால் பின்னால் வருகிறவரின் கணுக்காலில் போய் முடியும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பொது அரங்கில் இந்த வகையை ஆடவே வேண்டாம், கான்ட்ரா செக் ஒன்றை மட்டும் வேண்டுமானால் இடம் பார்த்துச் சிறிதாக ஆடலாம், அது எடையைப் போட்டு உடனே திரும்ப எடுத்துக்கொள்வதுதான், தரையை நெடுநேரம் அடைத்துக்கொள்ளாது.

வேரியேஷனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது நடனத்துக்கு நடனம் மாறும். வியன்னீஸ் வால்ட்ஸ் நிமிடத்துக்கு 58 முதல் 60 பார், அதாவது ஒரு நேச்சுரல் டர்னின் ஆறடியும் இரண்டே விநாடியில் முடிய வேண்டும். அந்த வேகத்தில் எதையும் செருக நேரமில்லை. அதனால்தான் நெடுங்காலமாக அதில் நேச்சுரல், ரிவர்ஸ், அவற்றை இணைக்கும் சேஞ்ச் ஸ்டெப், நின்ற இடத்தில் சுழலும் ஃப்ளெக்கர்ல், கான்ட்ரா செக் என்று கைவிரலில் எண்ணக்கூடிய ஃபிகர்களே இருந்துவந்திருக்கின்றன. அமெரிக்கன் ஸ்மூத் பாணியிலோ பிடியையே விட்டுவிட்டு ஜோடி பிரிந்து ஆடலாம் என்பதால் வேரியேஷனுக்கு வேறொரு பெரிய வாசல் திறக்கிறது. அதைச் சொல்லப் போனால் இந்தக் கட்டுரை போதாது.

வகுப்புகளில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. குளோஸ்டு சேஞ்சே சரியாக வராதவர்களுக்கு, நடன நிகழ்ச்சியில் காட்டுவதற்காக எட்டு பார் நீளமுள்ள பகட்டான ஒரு கோவையைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மாணவர்களுக்கு அன்றைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோவையின் ஐந்தாவது பாரில் வழியில் யாராவது நின்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது கோவை, அதற்குள் இருக்கும் ஃபிகர்கள் அல்ல. வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். பிடித்த ஒரு துண்டைப் பார்த்தால் உடனே காலை அசைக்காமல், இது எந்த அடிப்படை ஃபிகரில் தொடங்குகிறது, எந்த அடியில் அதிலிருந்து விலகுகிறது, முடியும்போது எடை எந்தக் காலில், முகம் எந்தத் திசையில் என்று பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கி லீடரின் பாதத்தை மட்டும் ஒரு முறை, ஃபாலோயரின் பாதத்தை மட்டும் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் விலகும் இடம் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு இப்படித் தொடங்கலாம். நேச்சுரல் டர்ன், வலது கால் குளோஸ்டு சேஞ்ச், ரிவர்ஸ் டர்ன், இடது கால் குளோஸ்டு சேஞ்ச். இந்த நான்கையும் திரும்பத் திரும்ப ஆடி அரங்கைச் சுற்றி வாருங்கள், இசையோடு, நிற்காமல். இது தடுமாறாமல் ஓடுகிற வரை வேறெதையும் சேர்க்க வேண்டாம். ஓடத் தொடங்கியதும் ஒரே ஒரு மாற்றம்: நேச்சுரல் டர்னின் பின்பாதிக்குப் பதில் ஹெசிடேஷன் சேஞ்ச். வலது கால் குளோஸ்டு சேஞ்ச் தேவையில்லாமல் போய்விடும், நேரே ரிவர்ஸ் டர்ன். இது பழகியதும் ரிவர்ஸ் டர்னுக்குப் பின் வரும் குளோஸ்டு சேஞ்சை எடுத்துவிட்டு அங்கே விஸ்க், அதைத் தொடர்ந்து ஷாசே. ஷாசே இடது காலில் முடிவதால் வலது காலால் மறுபடியும் நேச்சுரல் டர்ன் எடுக்கலாம். மூலை வரும்போது நேச்சுரலின் முதல் மூன்று அடியோடு ஸ்பின் டர்ன், கால் வட்டம் குறைத்து, அதன் பின் ரிவர்ஸ் டர்னின் பின்பாதி. இதோடு ஒரு சுற்று முழுமையாகிவிட்டது, புதிதாக மனப்பாடம் செய்தது மிகக் குறைவு.

அப்புறம் ஜோடியாக ஒரு பயிற்சி. நேச்சுரல் டர்னின் முதல் மூன்று அடியை ஆடுங்கள், நான்காவதில் வழக்கமான முடிவா, ஹெசிடேஷனா, ஸ்பின் டர்னா என்பதை லீடர் மட்டும் மனதில் முடிவு செய்யட்டும், வாயால் சொல்ல வேண்டாம். ஃபாலோயர் ஊகிக்க முயலாமல், வருவதை மட்டும் ஆடட்டும். அவர் வேறெங்கோ போய்விட்டால் அடியை நிறுத்தி, மூன்றாவது பீட் முடிந்து இறங்கியபோது லீடரின் உடம்பு எங்கே இருந்தது, நான்காவது அடி எவ்வளவு நீளம் வைத்தார் என்று இருவரும் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் வைத்த அந்த அடி ஸ்பின் டர்னுக்கு வேண்டியதைவிட நீளமாகப் போயிருக்கும். அதைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் முதல் மூன்று அடியிலிருந்து எடுங்கள்.